பாதிக் கக்கூஸ் பரணி

வாழ்க நல்லரத்தினம். கிரான் வட்டை வயற்சேற்றில் தவழ்ந்து, வரம்பிலே நடை பயின்று, பெரும்போகம் சிறுபோகம் என்னும் இருபெருங் களங்களிலும் முப்பத்தைந்து ஆண்டுகள் புறமுதுகு காட்டாது நின்ற மண்வெட்டி வேந்தன் வாழ்க. காட்டு யானையைத் தகரம் தட்டித் துரத்தியவன், அறக்கொட்டிப் பூச்சிக்கு அஞ்சாதவன், ஒருமுறை இருமினால் மூன்று வயலுக்கு அப்பால் கொக்குகள் எழுந்து பறக்கும் கனைகுரலோன், வாழ்க வாழ்க. அவனுடைய வயிறும் வாழ்க. இந்தக் காவியம் தொடக்கம் முதல் முடிவு வரை அந்த வயிற்றை நம்பித்தான் நடக்கிறது.

ஐங்கரத்து அண்ணலே, அடியார்தம் தடைகளை நீக்கும் தனிப்பெருந் தலைவனே, எத்தனையோ தடைகளை நீ கண்டிருப்பாய். எம் வீரன் ஐப்பசி மாதத்தில் சந்தித்த தடையைக் கேட்டால் மட்டும், கையிலிருக்கும் மோதகத்தை ஒரு கணம் கீழே வைத்துவிட்டு 'அப்படியா' என்பாய். ஆகவே வேறு காப்பு ஒன்றும் பாடாமல் நேரே கதைக்கு வருகிறேன்.

கிழக்கே கடல் முழங்க, மேற்கே வாவி கிடக்க, நடுவே கல்முனை வீதியில் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திப் பறக்கும் குருக்கள்மடம் என்னும் திருவூரில், அன்னப்பூரணி என்னும் பேரரசி இரு கிணறும் பதினெட்டுத் தென்னையும் உடைய ஒரு வளவை ஆண்டுவந்தாள். அந்நாட்டில் வீடும் வளவும் பெண்ணுக்கே உரியவை. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்மக்கள் பிறந்த வீட்டை விட்டுப் பெண் கொண்ட வளவுக்கு வந்து சேர்ந்து, வேலி அடைத்து, கிணறு இறைத்து, ஓடு மாற்றி, கடைசியில் ஒருநாள் மாலை போட்ட படமாகச் சுவரில் ஏறிவிடுவார்கள். சுவரும் மனைவியுடையதுதான்.

அவ்வழக்கப்படி வடக்கு வீட்டை மூத்தவள் கேதீஸ்வரிக்கும் தெற்கு வீட்டை இளையவள் நிருஷாவுக்கும் சீதனமாக எழுதிக் கொடுத்த அப்பேரரசி, இரண்டுக்கும் இடையிலிருந்த பன்னிரண்டு பேர்ச் நிலத்தை மட்டும் தன் பேரிலேயே வைத்துக்கொண்டாள். அதில் ஒரு முருங்கை, ஒரு துணிக்கொடி, ஒரு கக்கூஸ். வடக்கே ஒரு கிணறும் தெற்கே ஒரு கிணறும் இருந்தபடியால், இரண்டுக்கும் தள்ளி நட்டநடுவில்தான் குழி வெட்டலாம், வேறெங்கும் வெட்டக்கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனவே இரு வீட்டாருக்கும் அது ஒன்றே புகலிடம்.

அதைக் கட்டியவன் மூத்தவளைக் கைப்பிடித்து அவ்வளவுக்கு வந்த நம் வீரன். ஆறு ஆண்டுகளுக்கு முன், மாமியாரின் முழங்கால் மடங்க மறுத்தபோது, பழைய குந்தும் குழியை மூடிவிட்டு, கொத்தனுக்கு ஆள் அகப்படாத வேளாண்மை வெட்டுக் காலத்தில், அரிவாள் பிடித்த கையால் சாந்தகப்பை பிடித்துப் பூசி, வெண்பளிங்கு போன்றதொரு கொமட்டை அரியணையென நாட்டினான். முதல் நாள் உள்ளே போய்வந்த அன்னப்பூரணி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"தம்பி, ராணி மாதிரி இருந்திட்டு வாறன்," என்றாள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வளவில் வாழ்ந்த நல்லரத்தினத்துக்கு, அங்கே தன்னுடையது என்று சொல்ல ஒரு பிடி மண்ணும் இல்லை. இந்த ஒரு வாசகம் இருந்தது. அதை அவன் யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் அந்தக் கதவைத் திறக்கும்போது நினைத்துக்கொள்வான்.

ஆவணியில் அன்னப்பூரணி கண்மூடினாள். மரணசாசனம் எழுதவில்லை. எழுதச் சொல்லிப் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு இரண்டு தரம் ஆளனுப்பியும், தன்னைச் சாகச் சொல்கிறானோ என்று கேட்டு அனுப்பிவிட்டாள். முப்பத்தோராம் நாள் கருமம் முடிந்து, பந்தல் பிரித்து, கடன் வாங்கிய கதிரைகள் எல்லாம் திரும்பிப் போனபின், நடுநிலம் பன்னிரண்டு பேர்ச்சும் பெண்கள் இருவருக்கும் சரிபாதி என்று ஆயிற்று. அதுவரை எல்லாம் சுமுகம். சரிபாதி என்ற சொல்லை ஆண்கள் இருவரும் கேட்டார்கள். அங்கேதான் போர் மூண்டது.

இனி எதிரியைப் புகழாவிட்டால் காவியத்துக்கு இலக்கணம் குறையும். நிருஷாவின் கணவன் ஜெயந்தன், முச்சக்கரத் தேரோன், வீதியின் இடப்புறமும் வலப்புறமும் ஒரே நேரத்தில் ஓட்ட வல்லவன், ஆரன் ஒலியால் மாடுகளை மயங்கச் செய்பவன், நான்கு பேர் ஏறும் ஓட்டோவில் ஒன்பது பேரை ஏற்றி ஒருவரையும் வழியில் சிந்தாதவன். நம் வீரனுக்குச் சகலன். வயதில் இளையவன் என்றாலும் வாயில் மூத்தவன்.

நில அளவையாளர் லெஸ்டர் மட்டக்களப்பு நகரிலிருந்து முக்காலியும் கருவியும் சங்கிலியுமாக வந்திறங்கினார். பறங்கியர் குலத்தவர், தொப்பி அணிந்தவர், வெயிலில் கோபம் வராதவர். உரித்தாளிகள் யார் என்று அவர் கேட்க, வீரர் இருவரும் ஒரே அடியாக முன்னே வந்து நெஞ்சு நிமிர்த்தினார்கள். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், இதில் உங்கள் பெயர் ஒன்றும் இல்லையே என்றார். உரித்தாளிகள் இருவரும் அவ்வேளை குசினியில் ஒன்றாக இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டபோது, அவர்கள் என்ன சொல்கிறார்களோ அப்படியே செய்யுங்கள் என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

கோடு நேரே போனால் கக்கூஸை இரண்டாகப் பிளக்கும் என்பதை லெஸ்டர் கண்டார். நல்ல மனிதர். ஒரு முழம் இந்தப் பக்கமோ ஒரு முழம் அந்தப் பக்கமோ வளைத்து விடலாமே என்றார். வடக்கே வளைந்தால் தனக்குக் குறையும் என்றான் நல்லரத்தினம். தெற்கே வளைந்தால் தனக்குக் குறையும் என்றான் ஜெயந்தன். வளையாத கோடு, நெளியாத கோடு, நூல் பிடித்த கோடு ஒன்றே வேண்டும் என்று இருபெரும் சேனையும் அன்று ஒரே குரலில் முழங்கியது. அவர்கள் ஒத்துப்போன கடைசி விசயம் அதுதான்.

லெஸ்டர் பெருமூச்சு விட்டு, சிவப்பு மையைத் தொட்டு, வெளிச்சுவரில் ஒரு கோடு, கூரையில் ஒரு கோடு, உள்ளே நிலத்தில் ஒரு கோடு இழுத்தார். இழுத்து முடிந்தபின் பார்த்தால், கதவும் தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் வாளியும் வடக்கே மூத்தவள் பங்கில் நின்றன. கொமட்டும் அதன் மூடியும் அதன் கீழுள்ள ஆழ்குழியும் தெற்கே இளையவள் பங்கில் கிடந்தன. வாசல் ஓர் அரசிலும் அரியணை ஓர் அரசிலுமாக இப்படி ஒரு நாடு பிளந்ததை உலகம் அதற்குமுன் கண்டதில்லை. லெஸ்டர் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தார்.

மறுநாள் விடியலில் வேலியோரம் நின்று நல்லரத்தினம் தன் முதற் பிரகடனத்தை விடுத்தான்.

"கதவு என்ட. கதவைத் தாண்டாமக் கொமட்டுக்குப் போக ஏலுமெண்டா ஆரும் போகலாம்."

முச்சக்கரத் தேரின் மேலிருந்து மறுமொழி வந்தது.

"கொமட் என்ட. அண்ணன் கதவைத் திறந்து, உள்ளுக்குக் கொஞ்சம் நிண்டிட்டு, மறுகா வெளியால வரலாம்."

இரண்டு 'என்ட'வும் சட்டப்படி பொய். ஆனால் காவிய வீரர்கள் உறுதிப்பத்திரம் பார்த்துச் சூளுரைப்பதில்லை.

அன்றே ஏறாவூருக்குப் படைக்கலம் வாங்கப் பயணமானான் நம் வீரன். அங்கே இரும்புக்கடை அசனார், ஆணி முதல் ஆழ்துளைக் குழாய் வரை அடுக்கி வைத்த ஆயுதசாலை அதிபர், கையகலப் பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உடைக்க ஏலாது என்றார், மூன்று சாவி இருக்கிறது என்றார். மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து அரைநாண் கயிற்றில் கோத்துக்கொண்ட நல்லரத்தினம், மிச்சத்தை உறையோடு கொண்டுவந்து குசினித் தட்டில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டினான். பிற்பகலில் அதே அசனாரிடம் போன ஜெயந்தன், அதே போன்றதொரு பூட்டும் ஒரு முழச் சங்கிலியும் வாங்கிவந்து, சாளரக் கம்பியைக் கழற்றி உள்ளே கைவிட்டு, கொமட் மூடியைச் சங்கிலியால் இறுக்கிப் பூட்டினான். அவனும் ஒரு சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டினான். மற்ற இரண்டையும் நிருஷாவின் தையல் பெட்டியில் எறிந்தான். ஒரே நாளில் இரு பக்கத்துக்கும் ஆயுதம் விற்ற அசனார் மட்டும் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

போர் இருபத்திரண்டு நாள் நடந்தது.

நாள்தோறும் விடியலில் நல்லரத்தினம் சைக்கிளில் ஏறுவான். அந்த ஏற்றத்தின் கம்பீரமும், மிதியில் கால் வைக்கும்போது அவன் முகத்தில் தோன்றும் தவநிலையும், கல் கண்ட இடமெல்லாம் வளைந்து வளைந்து செல்லும் கவனமும் பாடுதற்கு அரியன. அரைக்கட்டை, அதாவது அரை மைல் தூரத்தில் இளையதம்பி என்னும் ஓய்வுபெற்ற தபாலதிபர் இருந்தார், தூரத்து உறவு. அவருடைய கக்கூஸ் திறந்தே கிடந்தது. ஆனால் அதற்குச் செல்லும் வழியில் இளையதம்பி அமர்ந்திருந்தார். தகப்பன் விட்டுப்போன தென்னந்தோட்டத்துக்காகத் தம்பியாரோடு முப்பது ஆண்டுகளாக நடத்தும் வழக்கை அவர் முதலிலிருந்து சொல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. மூன்றாந் தவணை வரை நின்று கேட்டு, நான்காந் தவணையில் நெற்றி வியர்த்து, ஐந்தாந் தவணையில் கண்கலங்கி, அவர் தேநீர் ஊற்றத் திரும்பும் இடைவெளியில் பாய்ந்தோடிய நம் தலைவனின் வீரத்தை என்னவென்று சொல்வேன். திரும்பி வந்தால் தேநீரோடு ஆறாந் தவணை காத்திருக்கும்.

ஜெயந்தனோ தேரை வீதியில் விட்டுக் களுவாஞ்சிக்குடிப் பெற்றோல் நிலையம் வரை பறப்பான். சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போது நடுவழியில் தேரை நிறுத்தி, பயணிகளைக் காக்க வைத்துவிட்டு ஓடினான் என்றும், அவர்கள் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள் என்றும் ஊர் சொன்னது.

ஒன்பதாம் நாள் நடந்த கூரைப் போர் ஏடுகளில் பொறிக்கத் தக்கது. கூரையின் தெற்குப் பாதி தன்னதே என்ற நியாயத்தின்படி ஏணி வைத்து ஏறிய ஜெயந்தன், இரண்டு தகடுகளைக் கழற்றி, வானிலிருந்து இறங்கும் கந்தருவனைப் போல் அரியணை மேல் இறங்கி, சங்கிலியை அவிழ்த்து வெற்றி முழக்கமிட்டான். அது கேட்ட நல்லரத்தினம் ஓடோடி வந்து, கதவுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் திருகை இறுக மூடினான். சிவப்புக் கோட்டுக்கு அப்பால் குழாய், வாளி, இரண்டும் வெறுமை. அதன்பின் நடந்ததைப் பாடக் காவிய மரபு இடந்தராது. ஏறும்போது தாங்கிய ஏணி இறங்கும்போது முறிந்தது என்பதையும், ஜெயந்தன் நான்கு நாள் நொண்டினான் என்பதையும் மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இந்த இருபத்திரண்டு நாளும் பெண்கள் இருவரும் எங்கே போனார்கள் என்ற கேள்வி இரு வீரருள் ஒருவர் நெஞ்சிலும் எழவில்லை. பெரும்போர்களில் அது எழுவதுமில்லை. கேதீஸ்வரி வழமைபோலச் சோறு ஆக்கினாள், நிருஷா வழமைபோலத் தையல் தைத்தாள், இருவரும் துணிக்கொடியில் ஒன்றாகத் துணி காயவிட்டார்கள்.

இருபதாம் நாளில் இளையதம்பி தம் வழக்கின் இறுதிக்கு வந்தார். தோட்டத்திலிருந்த தென்னைகள் எல்லாம் வண்டு அரித்து விழுந்துவிட்டன, இப்போது அங்கே எருக்கலைதான் நிற்கிறது என்றார். பிறகு தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பியோட கதைச்சு முப்பது வரிசம். அவன்ட மகள்ட கலியாணத்துக்கும் போகல்ல. இப்ப அவன் வீதியால போனா நான் உள்ளுக்கு வந்திருவன்."

நல்லரத்தினம் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். ஒரு கொமட்டுக்காக முப்பது ஆண்டு என்று கணக்குப் பார்த்தபோது அவனுக்கு எண்பத்துமூன்று வயது வந்தது. அச்சம் அறியாத அந்த நெஞ்சில் அன்று முதன்முதலாகப் பயம் புகுந்தது, உண்மையான பயம்.

இருபத்திரண்டாம் நாள் கார்த்திகை மழை இறங்கியது. விடிய எழும்பிப் பார்த்தால் வாவி கரை மீறி ஊருக்குள் வந்து நின்றது. இளையதம்பி வீட்டுக்குப் போகும் ஒழுங்கை இடுப்பளவு வெள்ளம். கல்முனை வீதியில் ஓட்டோவும் போகாது, ஒன்றும் போகாது. முந்தின நாள் மதியம் பக்கத்து ஊர்க் குடிபுகுதலில் பரிமாறிய வாவி நண்டுக்கறியை, ஒருவர் இலையை மற்றவர் பாராதது போல் பார்த்துப் போட்டிக்குப் போட்டியாக வாரி விழுங்கியிருந்தார்கள் இரு வீரரும். அந்த நண்டுகள் இப்போது உயிர்பெற்று எழுந்து, கொடுக்கு விரித்து, அணிவகுத்து, பேரிகை முழக்கி, நம் தலைவனின் வயிற்றுக் கோட்டையை உள்ளிருந்தே முற்றுகையிட்டன.

அவன் ஓடினான். சாரத்தை ஒரு கையால் தூக்கி, வாழைமடலைத் தலைக்குப் பிடித்து, சேறு தெறிக்க, மின்னல் வழிகாட்ட, நடுநிலத்தை நோக்கி ஓடினான். தெற்கிலிருந்து உரச் சாக்கைப் போர்த்தபடி இன்னோர் உருவம் அதே வேகத்தில் ஓடிவந்தது. முருங்கையடியில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். மழை கொட்டியது. ஒருவர் கையில் கதவு, ஒருவர் கையில் மூடி. ஒன்றில்லாமல் ஒன்று உதவாது.

முதலில் வாய் திறந்தவன் நல்லரத்தினம். இருபத்திரண்டு நாள் அல்ல, ஆறு ஆண்டாக உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"எனக்கு இதில பங்கு வேணாம் தம்பி. மாமிக்காகக் கட்டினன். அளக்கக்குள்ள ஒருத்தராவது ஆர் கட்டினது எண்டு கேட்டிருக்கலாம்."

ஜெயந்தன் உரச் சாக்கை முகத்திலிருந்து விலக்கினான்.

"எனக்குத் தெரியும் அண்ணன். சீமெந்து ஏத்தி வந்தது என்ட ஓட்டோவில. கொமட்டைப் பின்னுக்கு வெச்சு மடியில புள்ளை மாதிரிப் புடிச்சிட்டு வந்தது நீங்க."

நல்லரத்தினத்துக்குக் கண் நிறைந்தது. மழையில் அது தெரியவில்லை, ஆனால் நிறைந்தது. இருபத்திரண்டு ஆண்டில் அந்த வளவில் அவன் பட்ட பாட்டுக்கு ஒருவன் சாட்சி சொல்லிவிட்டான், அதுவும் எதிரி. இனிக் கோடு எங்கே போனாலென்ன, உறுதி யார் பேரில் இருந்தாலென்ன.

சமாதான உடன்படிக்கை அவ்விடத்திலேயே, நின்ற நிலையிலேயே, இரு கால்களும் ஒன்றையொன்று நெருக்கிய நிலையிலேயே நிறைவேறியது. கதவும் மூடியும் இனிப் பொது. சிவப்புக் கோட்டுக்கு மேல் வெள்ளை பூசுவது. மூத்தவன் முதலில் போவது, இளையவன் ஐந்து நிமிடம் பொறுப்பது. ஒருவன் அரைநாணிலிருந்தும் மற்றவன் கழுத்திலிருந்தும் சாவிகளைக் கழற்றினார்கள். பகைமறந்த பெருவேந்தர் இருவர் இணைந்து ஒரு கோட்டையின் வாயிலைத் திறக்கப் புறப்படும் மாட்சியோடு, தோளோடு தோள் உரச, இடி முழங்க, ஒருவர் சாவியை ஒருவர் கையில் மாற்றிக்கொண்டு, கக்கூஸைச் சுற்றி வடக்கு வாசலுக்கு வந்தார்கள்.

வாசலில் நிருஷா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் சவர்க்காரப் பெட்டி. விரலில் ஒரு வளையம். அதில் பித்தளைச் சாவிகள் இரண்டு, ஒன்று வடக்குக் குசினித் தட்டில் கிடந்தது, ஒன்று தெற்குத் தையல் பெட்டியில் கிடந்தது. நாள்பட்ட பாவனையில் இரண்டும் மினுங்கின. கதவில் பூட்டு இல்லை, அது வெளிச்சுவர்க் கொக்கியில் திறந்தபடி தொங்கியது. நல்லரத்தினம் தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், பிறகு வயிறு அவனை வேறொன்றையும் பார்க்க விடவில்லை. அறத்தின் பேரால், நண்டின் பேரால், மூத்த மருமகன் என்ற முறையின் பேரால், வலக்கையை உயர்த்தி அக்கதவை ஓங்கித் தட்டினான்.

"ஆள் இரிக்கு," என்றாள் உள்ளிருந்த கேதீஸ்வரி.